கன்னியூற்றில் குப்பை பொறுக்கிய நாள்

சதாரின் காட்டில் ஒரு நாள் மூச்சு விட ஆளுக்கு எண்ணூறு சோம். பறவைச் சத்தம் அதிலேயே அடக்கம். ஊற்றுத் தண்ணீர் குடிக்கலாம், மரத்தைக் கட்டிப்பிடிக்கலாம், சருகுமேல் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்க்கலாம். எதற்கும் தனிக்காசு கிடையாது. அக்ரூட் காயைப் பொறுக்கிப் பையில் போட்டால் மட்டும் கிலோ கணக்கு.

"சின்னப் பசங்க மூணு பேர் இருக்காங்கண்ணே, அவங்களுக்குப் பாதி போட்டுக்கலாமா?" என்று கேட்டான் எல்தியார். தலைநகரத்து ஆட்களைத் திரட்டி இயற்கையைக் காட்டக் கூட்டிவருகிறவன். முப்பது வயதிருக்கும். முழங்காலில் கிழிந்த கால்சட்டை போட்டிருந்தான். அந்தக் கிழிசலையும் விலை கொடுத்தே வாங்கியிருப்பான் போலிருந்தது.

"ஏன், பசங்க பாதி மூச்சா விடுவாங்க?" என்றான் சதார். "ஓடியாடி உன்னவிட ரெண்டு மடங்கு இழுக்குமே அதுங்க. நியாயமாப் பாத்தா அதுங்களுக்குத்தான் கூடப் போடணும்."

நான் முற்றத்துக் கட்டிலில் தேநீர்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தேன். என் அப்பா இருந்திருந்தால் எழுந்து போய்ச் சதாரின் கையைக் குலுக்கியிருப்பார். ஓஷ் சந்தையில் எங்களுக்கு மூன்று தலைமுறையாக உலர்பழக் கடை. சீனாக்காரன், தாஜிக்காரன், கசாக்காரன் எல்லோரிடமும் பேரம் பேசிப் பழகிய குடும்பம். ஆனால் காற்றை எடைபோட்டு விற்க எங்களில் ஒருவனுக்கும் தோன்றியதில்லை.

காய் உதிரும் பருவத்தில் வருஷம் தவறாமல் ஜங்காக்-சாய் என்ற இந்த மலையூருக்கு வருவேன். கொள்முதல் முடியும்வரை சதார் வீட்டில்தான் சாப்பாடும் படுக்கையும். ஊரே அப்போது காட்டுக்குள் குடியிருக்கும். ஆண்கள் மரமேறிக் கிளையை உலுக்குவார்கள். பெண்கள் கீழே குனிந்து பொறுக்கி, பச்சைத் தோலை உரித்து, காயைக் காயப்போடுவார்கள். தோலின் சாறு கையில் ஏறினால் இறங்காது. பனி விழுந்து மூடிய பிறகும் இந்த ஊரில் யார் கையைப் பிடித்தாலும் கருப்பாகத்தான் இருக்கும்.

சதார் ஒரு காலத்தில் இதே காட்டுக்குக் காவலாளி. குடித்துக் குடித்து வேலை போயிற்று; மாடு போயிற்று; ஒரு பனிக்காலத்தில் மனைவி ஜிபாரைக் குதிரைவண்டியோடு மலைப்பாதையில் மறந்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துத் தூங்கியிருக்கிறான். அவளுடைய இடது பாதத்தில் இரண்டு விரல்கள் இல்லாமல் போனது அப்படித்தான். பிறகு ஒன்பது வருஷமாக ஒரு சொட்டு இல்லை. வருகிற விருந்தாளி ஒவ்வொருவரிடமும் அதைச் சொல்லுவான். "ஒருநாள் காலைல எந்திரிச்சேன். போதும்டான்னு எனக்கு நானே சொன்னேன். அவ்வளவுதான். மருந்தில்ல, மாத்திரையில்ல, முல்லா மந்திரமில்ல." விருந்தாளிகள் கை தட்டுவார்கள். ஜிபார் தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜிபார் வீட்டில் இல்லை. கீழூரில் ஒரு கல்யாணத்துக்கு ரொட்டி சுட்டுக்கொடுக்க விடிகாலையிலேயே போய்விட்டாள். வழக்கமாகப் பெண் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு காட்டில் சுற்றுகிறவள் அவள். இல்லாத நாளில் எல்லாப் பொறுப்பும் சதார் தலையில் விழுந்தது. அதிலும் பெரிய பொறுப்பு சமையல். இயற்கையோடு இணக்கமாக வாழ்கிறவர்கள் என்பதால் வந்தவர்களில் பாதிப் பேர் இறைச்சி தொடமாட்டார்கள்.

"ஆடில்லாத பலாவ்," என்றான் சதார், பூசணிக்காயை வெட்டிக்கொண்டே. "எங்கப்பன் இதப் பாத்திருந்தா என்னய பெத்த பிள்ளையே இல்லேன்னு எழுதி வச்சிருப்பான்."

"எண்ணூறு சோமும் ஆடில்லாமத்தானே வருது," என்றேன்.

"அது சரி வியாபாரி. ஆனா வாசம் வரணுமில்ல? வெறும் கொப்பரையில கரண்டி போட்டு ஆட்டுற மாதிரி இருக்கு."

கேரட்டையும் சீரகத்தையும் அள்ளிப் போட்டான். கொஞ்சம் வாசம் வந்தது.

வந்தவர்கள் நல்லவர்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பிளாஸ்டிக் ஒன்றுகூடக் கொண்டுவரவில்லை. தகரக் குவளை, துணிப்பை, மூங்கிலில் செய்த பல்துலக்கி. வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்தே வந்தார்கள். காட்டாப்பிளைக் கடிப்பதற்கு முன் மரத்திடம் நன்றி சொன்னாள் ஒரு பெண். நான் பார்த்தவரை மரம் பதில் சொல்லவில்லை. மத்தியானம் அவர்கள் நிகழ்ச்சியில் காட்டைச் சுத்தம் செய்வது ஒன்று இருந்தது. எந்த இடத்துக்குப் போனாலும் அதைச் செய்யாமல் திரும்புவதில்லையாம்.

சதாருக்கு உற்சாகம் தாங்கவில்லை. அக்ரூட் போடுகிற சாக்குகளைக் கொண்டுவந்து கொடுத்தான். "யார் மூட்டை கனமோ அவங்களுக்கு ஒரு பை காய் இனாம்!" என்றான். "ஆம்பளைங்க வண்டிப்பாதைப் பக்கம் போங்க. பொம்பளைங்க இந்த மேட்டேறி ஊத்துப் பக்கம் போங்க. அந்தப் பக்கம் நாங்க யாரும் பெருக்குறதில்ல, அங்கதான் நெறைய கெடக்கும்."

அவன் சொன்னது உண்மை. கன்னியூற்றுப் பக்கம் ஊர் ஆண் யாரும் போவதில்லை. அது பெண்களின் இடம். மேட்டுப்பாதையில் குதிரையில் போகும்போதுகூட அந்தத் திருப்பம் வந்ததும் முகத்தை எதிர்ச்சரிவுக்குத் திருப்பிக்கொள்வார்கள். சின்ன வயதிலிருந்து கழுத்து அப்படிப் பழகிவிட்டது. வருஷத்துக்கு ஒருமுறை வருகிற என் கழுத்துக்கே பழகிவிட்டது. இந்தக் காட்டில் எந்த மரத்தில் எந்தப் பொந்தில் எந்த அணில் இருக்கிறது என்று சொல்லக்கூடிய சதார், வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற அந்த ஊற்றை ஐம்பத்திரண்டு வயதுவரை ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்ததில்லை.

பெண்கள் மூன்று மூட்டையோடு இறங்கினார்கள். முகமெல்லாம் வெற்றிச் சிரிப்பு. கையெல்லாம் முள் கீறல்.

என் கொக்கித் தராசில் மூட்டையை மாட்டினேன். முள் கொஞ்சம்தான் நகர்ந்தது.

"என்னம்மா, பாக்க மலை மாதிரி இருக்கு, எடையே இல்ல?" என்றான் சதார்.

"துணிதாங்க எல்லாம். கொஞ்சம் பாலித்தீன், கயிறு, தலைமுடி ரப்பர்," என்றாள் மரத்துக்கு நன்றி சொன்ன பெண். "முள்மரத்துல எல்லாம் சுத்திக் கெடந்துச்சு. பாவம், மரம் மூச்சு விட முடியாம தவிச்சுது. ஒவ்வொண்ணா அவுத்து எடுத்தோம்."

"துணியா?" சதார் சிரித்தான். "பொம்பளைங்க தொவைக்கப் போற எடமில்ல? காயப்போட்டு மறந்துட்டு வந்திருப்பாளுங்க. எங்க வீட்டுக்காரி வரட்டும், கேக்குறேன். வருஷத்துக்கு நாலு சட்டை எங்கதான் போகுதோன்னு பாத்தேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூட்டைகளை வரிசையாக வைத்து, பின்னால் பெண்களை நிற்கவைத்து, எல்தியார் படம் எடுத்தான். மூட்டை வாய் திறந்து துணிகள் வழிந்திருந்தால்தான் பார்க்க நன்றாயிருக்கும் என்று கொஞ்சம் இழுத்தும் விட்டான். பூசணிப் பலாவ் சாப்பிட்டார்கள். மூட்டைகளை என்ன செய்வதென்று கேட்டார்கள். "இங்கயே இருக்கட்டும், அடுப்பெரிக்க ஆகும்," என்றான் சதார். காட்டுக்கும் அவனுக்கும் தனித்தனியாக நன்றி சொல்லிவிட்டு நடந்து போனார்கள்.

பாத்திரம் தேய்த்து முடித்திருக்கமாட்டோம். வாசல் கதவு சுவரில் மோதிய சத்தத்தில் கோழிகள் பறந்தன.

"ஏ சதார்! வெளிய வாடா!"

பக்கத்து வீட்டுத் தொக்தோகான். சதாரின் பெரியப்பா மகனுடைய மனைவி. மூத்தவள், அண்ணி முறை. தம்பி என்றல்லாமல் கூப்பிட்டதில்லை. அன்று தம்பி காணாமல் போயிருந்தான். கையில் அலைபேசியை நீட்டிப் பிடித்திருந்தாள். அதற்குள்ளிருந்து அவள் மகள் பெர்மெத் மாஸ்கோவிலிருந்து அழுதுகொண்டிருந்தாள்.

"சித்தப்பா!" என்று கத்தியது அலைபேசி. "சித்தப்பா, அந்த மஞ்சத் துணி என்னோடது! நடு மூட்டையில மேல கெடக்கே, அது என்னோடது! யார் அவுத்தது? நாளைக்கு வேலைக் காகிதம் வாங்க ஆபீஸ் போறேன் சித்தப்பா, நாளைக்கு!"

சதார் கையில் பிடித்திருந்த கொப்பரை மூடியோடு நின்றான். "எந்தத் துணி? என்ன காகிதம்? அண்ணி, இது என்ன?"

தொக்தோகான் அலைபேசியைத் தடவி அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். எல்தியார் எடுத்த படம். மூன்று மூட்டை, பின்னால் சிரிக்கும் பெண்கள், ஓரத்தில் தராசோடு நான். அடியில் எழுதியிருந்தான்: ‘இன்று ஒரு காடு மீண்டும் மூச்சு விட்டது.’ எத்தனையோ பேர் இதயம் போட்டிருந்தார்கள். அவன் வண்டி இன்னும் மலை இறங்கியிருக்காது. படம் மாஸ்கோ போய்த் திரும்பிவிட்டது.

"ஊத்துல வேண்டிக்கிட்டுக் கட்டுன துணிடா அது. எங்க அம்மா கட்டுனது, அவங்க அம்மா கட்டுனது, நேத்திக்கு வந்த மருமக கட்டுனது. எல்லாம்!" தொக்தோகான் அப்போதுதான் மூட்டைகளைப் பார்த்தாள். ஒன்றின் வாயைப் பிரித்துக் கையை உள்ளே விட்டாள். "எல்லாத்தையுமா?" என்றாள். "ஒண்ணுகூட விடலையா?"

சதார் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். மூட்டைகளை எடை போட்ட தராசை மெல்லக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

"நூல்தான் கட்டுவீங்கன்னு நெனச்சேன் அண்ணி," என்றான் சதார். "ஒரு மரத்துல, நாலு நூல்..."

அரைமணி நேரத்தில் ஊர்ப் பெண்கள் எல்லோரும் அந்த முற்றத்தில் இருந்தார்கள். காட்டிலிருந்து காய் பொறுக்கிய கையோடு ஓடிவந்திருந்தார்கள். மூட்டைகளை அவிழ்த்துக் கம்பளத்தின்மேல் கொட்டினார்கள். முற்றம் நிறைந்தது. கல்யாணப் பட்டுத் துண்டு, பிள்ளைச் சட்டையின் கை, வெளுத்துப் போன தலைத்துணி, செருப்பு நாடா, கையில் எதுவும் கிடைக்காத அவசரத்தில் கட்டிய பாலித்தீன் கிழிசல். காற்று அடித்தால் பறக்காமல் இருக்க ஓரத்தில் காய்மூட்டைகளை வைத்தார்கள்.

ஆண்கள் வேலிக்கு வெளியே கூடினார்கள். பழக்கம் போகுமா? எல்லோரும் முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, காதை மட்டும் இங்கே வைத்துக்கொண்டு நின்றார்கள். சதார் தன் வீட்டு முற்றத்திலேயே பக்கவாட்டில் நடந்தான்.

"நாப்பது வீடுதானே இந்த ஊர்ல," என்று என் காதில் சொன்னான். அவன் முகம் சுண்ணாம்பு அடித்தது போலிருந்தது. "சாப்பிடுறோம், தூங்குறோம், காய் பொறுக்குறோம். எவளும் வாயத் தொறந்து ஒண்ணும் கேட்டதில்லையே. இத்தன கொறையா வியாபாரி? நம்ம வீட்டுக்குள்ளயா இத்தனையும்?"

ஓஷில் என் வீட்டு அலமாரியில் என் மனைவியின் உடுப்புகளில் எத்தனை ஓரம் கிழிந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் யாரும் தொடவில்லை. தன் துணியை எடுத்தால் தன் குறையை எல்லோர் முன்னும் எடுத்த மாதிரி. பிறகு கிழவி கனிஷா தடியால் ஒரு பச்சைத் துண்டைத் தள்ளினாள். அதற்குப் பக்கத்தில் அவள் மகனுடைய சட்டைத்துணி கிடந்தது.

"நாஸிக்!" என்று மருமகளைக் கூப்பிட்டாள். "இது எம்மவன் சட்டையில்ல? நீ என்னத்துக்குடி கட்டுன?"

நாஸிக் தலை குனிந்தாள். "அவர் தூக்கத்துல கொறட்டை விடுறார் அத்தை."

"அதுக்கா?"

"கல்யாணமான நாள்லேருந்து நான் முழுசாத் தூங்குனதில்ல."

பக்கத்தில் நின்றவள் சிரித்துவிட்டாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. "அப்ப இந்தப் பச்சை யாரோடது, உங்களோடதா? நீங்க என்ன கேட்டீங்க கனிஷா அக்கா?" என்றாள் தொக்தோகான்.

"மருமக பேச்சுக் கொறையணும்னு."

"அவதான் பேசவே மாட்டாளே!"

"அப்ப பலிச்சிருச்சு, அவுக்க மறந்துட்டேன்," என்றாள் கிழவி.

சிரிப்பு வேலிவரைக்கும் போனது. வேலிக்கு அப்பால் ஒரு ஆண் குரல், "நான் கொறட்டை விடுறதில்ல!" என்றது. அதற்கும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே கைகள் குனிந்தன. ஒவ்வொருத்தியும் தன்னுடையதை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள். ஒரு சின்னஞ்சிறு கம்பளிக் காலுறைப் பக்கம் மட்டும் யார் கையும் போகவில்லை. அது யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். பிள்ளைப்பேற்றில் போனவள். அவள் பிள்ளையும் போயிற்று. அதைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டுத்தான் மற்றவர்கள் கை நீட்டினார்கள்.

என்ன செய்யலாம் என்று கேட்டான் சதார், எங்கோ பார்த்தபடி. தொக்தோகான்தான் சொன்னாள்.

"கட்டுனவ கைதான் அவுக்கணும். கேட்டது கெடச்சுதுன்னா போய் அவுத்து, ஊத்துல அலசி, வீட்டுக்குக் கொண்டாரணும். வேத்தாள் அவுத்தா, கேட்டது திரும்பிப் போயிரும். இந்தத் துணிய மறுபடி கட்ட முடியாது. யாருக்காகக் கேக்குறியோ அவங்க இப்ப உடம்புல போட்டிருக்கற துணியில புதுசாக் கிழிச்சுக் கட்டணும். நாளைக்கே கட்டணும்."

"எம்மவன் சைபீரியாவுல இருக்கானே, அவன் சட்டைக்கு எங்க போவேன்?" என்றாள் ஒருத்தி.

"நான் பசுவுக்காகக் கட்டுனேன். பசு என்ன போட்டிருக்கு?" என்றாள் இன்னொருத்தி.

"கயித்துல ஒரு இழை எடு," என்றாள் தொக்தோகான்.

ஜிபார் வந்தது அப்போதுதான். கல்யாண வீட்டு மாவு முழங்கைவரை ஒட்டியிருந்தது. வழியிலேயே கேள்விப்பட்டிருக்கிறாள். யாரிடமும் எதுவும் கேட்காமல், காலை இழுத்து நடந்து வந்து, கம்பளத்தின் ஓரத்தில் முழங்காலிட்டுத் துணிகளைக் கையால் விலக்கினாள். மேலே இருந்ததைப் பார்க்கவேயில்லை. அடியிலேயே தேடினாள். நீலக் கட்டம் போட்ட கம்பளித்துணி ஒன்றை எடுத்து மார்புக்குள் செருகப் போனாள்.

"அது சதார் சட்டையில்ல?" என்றாள் நாஸிக், தெரியாமல்.

சதார் அப்போதுதான் முதல்முறையாகக் கம்பளத்தின் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

ஊருக்கே தெரிந்த சட்டை அது. அதைப் போட்டுக்கொண்டுதான் தெருவில் விழுந்து கிடப்பான். அதைப் போட்டுக்கொண்டுதான் அவளை மலைப்பாதையில் விட்டுவிட்டு வந்தான்.

"கொண்டா," என்றான். ஜிபார் கொடுக்கவில்லை. "எப்பக் கட்டுன?"

"எனக்கு மாவு காயுது. கை கழுவணும்."

"எப்பக் கட்டுன ஜிபார்?"

"நீங்க ஒரு நாள் காலைல எந்திரிச்சுப் போதும்னு சொன்னீங்களே," என்றாள் அவள், "அதுக்கு முந்தின சாயங்காலம்."

வேலிக்கு வெளியே நின்ற ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக நழுவினார்கள். ஒன்பது வருஷமாக விருந்தாளிகளுக்கு விற்ற கதை அவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

"அப்ப நான் விட்டது அந்தத் துணியாலயா?"

"அப்படி யார் சொன்னா?"

"பலிச்சா நீதானே போய் அவுக்கணும்? இப்ப அண்ணி சொன்னாங்களே. ஒம்பது வருஷமா ஏன் அவுக்கல?"

ஜிபார் எழுந்தாள். அவனிடம் அவள் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை.

"பலிச்சுதான்னு எனக்குத் தெரியலையே," என்றாள். "நீ ஒவ்வொரு நாள் வெளிய போறப்பவும் எனக்குத் தெரியல. திரும்பி வர்றவரைக்கும் தெரியல. எப்படி அவுப்பேன்?"

சதார் தொழுவத்துப் பக்கம் போனான். தொக்தோகான் மீதித் துணிகளைக் கைக்கு வந்தபடி சாக்கில் அள்ளத் தொடங்கினாள்.

மறுநாள் காலை ஊரெல்லாம் கத்தரிக்கோல் சத்தம். ஆண்கள் அசையாமல் நின்றார்கள். மனைவிமார்கள் பின்னால் வந்து வெட்டிக்கொண்டு போனார்கள். எதற்கு என்று ஒருவனும் கேட்கவில்லை. கேட்கப் பயம். நாஸிக்கின் கணவன் தானே சட்டையின் முன்பக்கத்தை நீட்டி, "பெருசாவே எடுத்துக்க," என்றானாம். பெர்மெத் தன் முழுக்கைச் சட்டையை மாஸ்கோ பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டதாகவும், ஆபீஸுக்குப் போவதை அது வந்து சேரும்வரை தள்ளிப்போட்டதாகவும் தொக்தோகான் சொன்னாள்.

சதார் முற்றத்தில் என்னோடு உட்கார்ந்து காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தான். ஜிபார் கத்தரிக்கோலோடு வந்து நின்றாள்.

"சட்டைய ஒரு நிமிஷம் காட்டுங்க."

"மாட்டேன்."

"ஓரத்துலதான். தெரியாது."

"ஓரமோ நடுவோ, மாட்டேன்." காயை ஒவ்வொன்றாகக் கூடையில் எறிந்தான். "இது நானே விட்டது. ராத்திரி ராத்திரியா ஒடம்பு நடுங்கி, பல்லக் கடிச்சு, நானே விட்டது. அதக் கொண்டு போய் ஒரு முள்மரத்துக்குக் குடுக்கச் சொல்றியா?"

"மரத்துக்கா குடுக்கச் சொன்னேன்?"

"பின்ன?"

"எனக்குக் குடுக்கச் சொன்னேன்," என்றாள் ஜிபார். "எனக்கு ராத்திரி தூங்கணும்."

அவன் அடுத்த காயை எடுத்தான். "அண்ணே, நீங்களாவது சொல்லுங்களேன்," என்று என்னைப் பார்த்தாள். சந்தையில் வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் நடுவில் நின்று கையைக் குலுக்கிவைத்து எத்தனையோ பேரம் முடித்திருக்கிறேன். இரண்டு பேரும் ஒரே சரக்கைத் தன்னுடையது என்று சொல்லும்போது நடுவில் நிற்பவன் என்ன செய்வான்? "ஒரு சாண் துணிதானே சதார்," என்றேன். "ஒம்பது வருஷம், வியாபாரி," என்றான். அவள் வெறுங்கையோடு மற்றப் பெண்களுக்கு ரொட்டி எடுத்துக்கொண்டு மேடேறிப் போனாள்.

அந்த வேளை பார்த்து வந்து சேர்ந்தான் எல்தியார். பாதி வழியில் திட்டு மழை அவன் அலைபேசியில் பெய்திருக்கிறது. மாஸ்கோவிலிருந்தும் சியோலிலிருந்தும் ஊர்ப்பெண்கள் எழுதியதை வாசித்துப் பையனுக்குக் கண் வீங்கியிருந்தது. ராவோடு ராவாகத் திரும்பி வந்திருந்தான். வெறுங்கையோடு மன்னிப்புக் கேட்கக் கூடாது என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஜிபாருக்கு ஒரு வெள்ளைச் சால்வை. சதாருக்கு, சாப்பாட்டு விரிப்பின் நடுவில், ரொட்டிக்குப் பக்கத்தில், பிராந்தி பாட்டில் ஒன்றை வைத்தான். கை தட்டிக் கேட்ட கதை அந்தப் பதற்றத்தில் அவனுக்கு மறந்துபோயிருந்தது.

"அண்ணே, என்ன அடிச்சாலும் வாங்கிக்கிறேன்," என்றான். "படத்த அழிச்சுட்டேன். எங்களுக்குத் தெரியாதுண்ணே, சத்தியமாத் தெரியாது. குப்பைன்னுதான்..."

சதார் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். மன்னிப்பாகக் கொண்டுவந்ததை விரிப்பிலிருந்து எடுக்கச் சொன்னால் மன்னிக்கவில்லை என்று அர்த்தம். அது எனக்கும் தெரியும்.

"எனக்கே தெரியாது," என்றான் கடைசியில். "நான்தானே அனுப்பினேன். ஒன்ன என்ன சொல்ல? டீ குடி."

பையன் டீ குடித்தான். வாசலில் இரண்டு தடவை திரும்பிக் கும்பிட்டுவிட்டுப் போனான். பாட்டில் இருந்தது.

"அத என் வண்டில போட்டுர்றேன்," என்றேன்.

"உக்காருங்க வியாபாரி."

"சதார், வேண்டாம்."

"உக்காருங்கன்னேன். நீங்கதான் சாட்சி." உள்ளே போய்க் கண்ணாடி டம்ளர் ஒன்றை எடுத்துவந்தான். மூடியைத் திருகினான். "துணி மரத்துல இல்ல. பாத்தீங்களா? ஒரு துணியும் இல்ல. இப்ப ஒரே ஒரு டம்ளர் குடிப்பேன். அதோட நிறுத்துவேன். நிறுத்திட்டேன்னா, அந்த ஒம்பது வருஷம் யாரோடதுன்னு அவளுக்குத் தெரிஞ்சிரும் இல்ல?"

எழுந்து பறித்திருக்கலாம். ஆனால் அவன் குரல் அவ்வளவு நிதானமாக இருந்தது, காய்க்கு விலை சொல்வது போல. டம்ளர் நிறைய ஊற்றினான். ஒரே மூச்சில் குடித்தான். கண்ணை மூடிக்கொண்டான். பிறகு மூடியை எடுத்துத் திருகினான். மரை ஏறவில்லை, மறுபடி திருகினான், மறுபடி. நாலாவது தடவை ஏறியது.

"பாத்தீங்களா?" என்றான். "நிறுத்திட்டேன்."

வாசலில் ஜிபார் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. காலி ரொட்டிக்கூடை இடுப்பில் இருந்தது. கத்துவாள், கூடையை எறிவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டு விரிப்பருகே வந்து உட்கார்ந்தாள். குனிந்து அவன் வாயை முகர்ந்தாள். பிறகு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். உரித்த காய்த்தோலில் பெருவிரலைத் தேய்த்து, பிராந்தி நிற்கிற மட்டத்தில் கண்ணாடிமேல் கருப்பாக ஒரு கோடு இழுத்தாள். ஊதிக் காயவைத்தாள்.

"நிறுத்திட்டியா?" என்றாள்.

"நிறுத்திட்டேன்."

"சரி." பாட்டிலைக் கொண்டுபோய் விருந்தாளி அறை அலமாரித் தட்டில், கண்ணுக்கு நேரே படுகிற உயரத்தில், வைத்தாள். "இங்கதான் இருக்கும். நான் பூட்டமாட்டேன், ஒளிக்கமாட்டேன், கொட்டமாட்டேன். ஒம்பது வருஷம் ரெண்டு பேருக்கும் பொது, வச்சுக்க. இந்த ஒரு டம்ளர் ஒன் பேர்ல. இனிமே என்னன்னு இந்தக் கோட்டக் கேட்டாப் போதும், ஒன்னையும் கேக்க வேண்டாம், ஊத்தையும் கேக்க வேண்டாம்."

சதார் எழுந்து கூடையை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனான். அந்தி சாயும்வரை மரம் மரமாக ஏறி உலுக்கிக்கொண்டிருந்தான். காய்கள் விழுகிற சத்தம் வீட்டுக்குக் கேட்டது. ஜிபார் மாவு பிசைந்தபடி அந்தச் சத்தம் நிற்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இருட்டிய பிறகுதான் நின்றது. வந்தான், சாப்பிட்டான், படுத்தான்.

காலையில் என் சரக்கை வண்டியில் ஏற்றினார்கள். கிளம்புமுன் என் தொப்பியை எடுக்க விருந்தாளி அறைக்குள் போனேன். தட்டைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன்.

வெளியே வந்தபோது ஜிபார் வெள்ளைச் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஊற்றுப் பக்கம் மேடேறிக்கொண்டிருந்தாள். கையில் ஏதோ மடக்கிப் பிடித்திருந்தாள். சதார் குளிரில் வெறும் பனியனோடு கட்டிலில் உட்கார்ந்து காய் உடைத்துக்கொண்டிருந்தான். சட்டை அவன் முழங்காலில் கிடந்தது.

"நல்லபடியாப் போய்ச் சேருங்க வியாபாரி," என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

மலை இறங்குகிற வழியெல்லாம் அந்த வீட்டுக் கணக்கை நேர்செய்து பார்த்துக்கொண்டே வந்தேன். பாட்டில், கோட்டுக்குக் கீழே ஒரு விரல்கடை குறைவு. சட்டை, முதுகுப்பக்கம் ஒரு சாண் குறைவு. அதைக் குடித்ததும் அவன்தான், இதை வெட்டக் கொடுத்ததும் அவன்தான். பாக்கி நிற்கிறது.